இல்லாத தெருக்களின் வழியே: சென்னை மரபு நடைகள் குறித்து

சென்னையின் மரபு நடைகளுக்கு ஒரு வழக்கமான தடம் உண்டு. புனித ஜார்ஜ் கோட்டை, அதனுள் புனித மேரி தேவாலயம், பிறகு உயர்நீதிமன்றத்தின் செந்நிறக் கோபுரங்கள், முடிவில் பாரிமுனை. மெட்ராஸ் தினக் கொண்டாட்டங்கள் 2004-இல் தொடங்கியபின் இத்தடம் பலருக்கும் பழகிவிட்டது. எஞ்சி நிற்கும் கட்டடத்தை மட்டுமே சான்றாகக் கொள்ளும் இம்முறையில், காலனிய ஆட்சி இந்த நகரத்தில் செய்த மிகப் பெரிய வேலை கண்ணில் படுவதேயில்லை என்பது என் வாதம். அந்த வேலை, ஓர் ஊரைத் தரைமட்டமாக்கியது.

உயர்நீதிமன்றம் 1892-இல் திறக்கப்பட்டது. அது நிற்கும் மண்ணில்தான் முதல் கறுப்பர் பட்டணம் இருந்தது. கோட்டைக்கு வடக்கே வணிகரும் மொழிபெயர்ப்பாளர்களான துபாஷிகளும் கைவினைஞரும் குடியிருந்த தெருக்கள். 1746-இல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையை ஒட்டிய வீடுகளை இடித்தார்கள். 1749-இல் நகரம் திரும்பக் கைக்கு வந்ததும் ஆங்கிலேயர்கள் அதே வேலையைத் தொடர்ந்தார்கள். எதிரி ஒளிய இடமில்லாமல் பீரங்கிக்கு வெட்டவெளி வேண்டும் என்பதே இரு தரப்பின் கணக்கும். 1757-இல் சென்னக்கேசவப் பெருமாள் கோயிலும் போனது. இன்று பூக்கடைக்கு அருகே தேவராஜ முதலி தெருவில் நாம் வழிபடுவது அதற்கு மாற்றாக எழுந்த கோயிலை. அங்கே நிற்கும் பக்தர்களிடம் இதைச் சொல்ல ஒரு பலகைகூட இல்லாவிட்டால் அது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன்.

காட்ட ஒன்றுமில்லாத இடத்தில் வழிகாட்டி எதைக் காட்டுவார் என்று கேட்கலாம். காட்ட நிறைய இருக்கிறது. சட்டக் கல்லூரி வளாகத்தில், 1688-இல் இறந்த சிறுவன் டேவிட் யேலின் கல்லறை நிற்கிறது. ஆளுநர் எலிஹு யேலின் மகன் அவன். அவனைச் சுற்றியிருந்த ஆங்கிலேயர் இடுகாடும் அகற்றப்பட்டதுதான். ஆனால் அங்கிருந்த கல்வெட்டுகளைப் பெயர்த்துக் கொண்டுபோய்ப் புனித மேரி தேவாலய முற்றத்தில் பதித்தார்கள். பக்கத்துத் தெருக்களில் வாழ்ந்தவர்களின் பெயர்களுக்கு அந்தக் கவனம் கிடைக்கவில்லை. வெட்டவெளியின் எல்லையைக் குறிக்க 1773-இல் ஆறு தூண்களை நட்டார்கள். அவற்றில் ஒன்று பாரிமுனை டேர் ஹவுஸில் இன்றும் உண்டு. இப்பகுதிக்கு வழங்கும் எஸ்பிளனேடு என்ற பெயரே கோட்டைக்கும் ஊருக்கும் நடுவே காலியாக விட்ட நிலத்தைக் குறிக்கும் படைத்துறைச் சொல்.

இந்தச் சான்றுகளை வரைபடத்திலும் பார்க்கலாம். ஆனால் அப்புறப்படுத்திய நிலத்தின் அளவு கால்களுக்குத்தான் உறைக்கும். ஆகவே தடத்தைத் திருப்பிப்போட வேண்டும். கோட்டையில் தொடங்காமல், வெளியேற்றப்பட்டவர்கள் போய்ச் சேர்ந்த பெத்தநாயக்கன்பேட்டையில் தொடங்கலாம். பெருமாள் கோயில் வாசலிலிருந்து கூட்டம் நெருக்கும் தெருக்களைக் கடந்து பாரிமுனைத் தூணுக்கு வரட்டும். அங்கே வழிகாட்டி பேச்சை நிறுத்திவிடட்டும். தூணிலிருந்து கோட்டை மதில்வரை உடன் வருபவர்கள் தங்கள் அடிகளை எண்ணிக்கொண்டே நடக்கட்டும்.