அடையாற்றங்கரையில் ஒரு நாள்

மயிலாப்பூர் சென்னையோடு எப்படிச் சேர்ந்தது என்பதை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன் அடையாற்றில் இறங்கியாக வேண்டும்.

பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொன்னே சென்னையில் ஆங்கிலேயரின் கோட்டையைப் பிடித்ததைப் பார்த்துவிட்டோம். சென்னையை ஆற்காட்டு நவாபிடம் ஒப்படைப்பதாக வாக்களித்த புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே, காரியம் முடிந்ததும் கைவிரித்தார். இதை ராஜதந்திரம் என்று பூசி மெழுக எனக்கு மனமில்லை, பச்சைத் துரோகம். வெகுண்ட நவாப் அன்வருத்தீன், மகன் மாபூஸ் கானைப் பெரும்படையோடு அனுப்பினார். கோட்டைக்குள்ளிருந்து பாய்ந்து வந்த பிரெஞ்சுக்காரர்களிடம் அடிவாங்கிய அந்தப் படை மயிலாப்பூரின் கடலோரப் பகுதியான சாந்தோமில் வந்து நின்றது. புதுச்சேரியிலிருந்து வரும் உதவிப்படையை ஆற்றிலேயே மறித்துவிடலாம் என்பது கணக்கு.

1746 அக்டோபர் 24. இன்றைய நாட்காட்டிப்படி நவம்பர் 4. அந்த உதவிப்படையோடு தென்கரைக்கு வந்து சேர்ந்தவர் பராதி, சுவிட்சர்லாந்துக்காரர், பொறியாளர். அவரிடம் பீரங்கி கிடையாது. ஐரோப்பியர் சில நூறு பேர், நம் சிப்பாய்கள் எழுநூறு பேர். எதிர்க்கரையில் சுமார் பத்தாயிரம் பேர், பீரங்கிகளோடு. இன்றைய திரு.வி.க. பாலத்துக்குக் கடல் பக்கம் இருக்கும் குவிபிள் தீவை ஒட்டித்தான் மோதல்.

பராதி தயங்கவில்லை. குண்டுகள் விழ விழ, இடுப்பளவுத் தண்ணீரில் படையை இறக்கினார். மறுகரை ஏறியதும் வரிசை கலையாமல் ஒரே வெடி, உடனே துப்பாக்கி முனை ஈட்டியோடு பாய்ச்சல். நவாப் படை சாந்தோமுக்குள் ஓடியது. அந்தக் குறுகலான தெருக்களில் குதிரை திரும்ப இடமில்லை. முண்டியடித்த கூட்டத்தின் மேல் வெடி மேல் வெடி. மாபூஸ் கான் யானையேறித் தப்பினார். தளபதி ஓடிய பின் எந்தப் படை நிற்கும்?

வரலாற்று நூல்கள் பராதியைக் கொண்டாடுகின்றன, தகும். ஆனால் அவர் படையில் பெரும்பாலோர் இந்நாட்டுச் சிப்பாய்கள். அவர்களை யாரும் அவ்வளவாகப் பேசாதது பெரிய அநீதி. எண்ணிக்கையைப் பயிற்சி வெல்லும் என்று இந்திய அரசர்களுக்கு அன்று காட்டியது அவர்களும்தான். அதே பாடத்தை ஆங்கிலேயரும் படித்துக்கொண்டார்கள்.

ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரர்களும் செய்துகொண்ட 1748 உடன்படிக்கையில் கனடாவின் லூயிஸ்பர்க் கோட்டைக்கு மாற்றாகச் சென்னை ஆங்கிலேயரிடம் திரும்பியது. சாந்தோம் பிறர் கையில் இருந்தால் கோட்டைக்கு ஆபத்து என்று உணர்ந்த அட்மிரல் பாஸ்கவன் 1749-ல் அதை வளைத்துப் போட்டார். மயிலை சென்னையானது இப்படித்தான். அதன் விவரமும், கோட்டையருகே இருந்த கறுப்பர் நகரம் இடிக்கப்பட்ட கொடுமையும் அடுத்த வாரம்.