மீதி பூஜ்யம்

170141183460469231731687303715884105727.

பயப்படாதீர்கள். அச்சுப்பிழை இல்லை. 39 இலக்கங்கள் கொண்ட ஒரு பகா எண். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத எண். 127 இரண்டுகளை வரிசையாக எழுதிப் பெருக்கி, வந்த விடையில் ஒன்றைக் கழித்தால் இது கிடைக்கும்.

1644ல் மெர்சென் என்ற பிரெஞ்சுப் பாதிரியார், இப்படி ஒன்று குறைகிற எண்களில் எவையெல்லாம் பகா எண்கள் என்று ஒரு பட்டியல் போட்டார். 67 இரண்டுகள், 127 இரண்டுகள் இரண்டுமே அதில் உண்டு. நிரூபணம்? மூச்சு விடவில்லை.

வகுத்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்பீர்கள். 2, 3, 4 என்று வரிசையாக, நொடிக்கு ஒரு எண் வீதம் வகுத்துப் பாருங்களேன். பிரபஞ்சத்தின் வயசு போதாது.

1876ல் எட்வர்ட் லூகாஸ் என்ற பிரெஞ்சுக்காரர் வகுக்காமலே கண்டுபிடிக்க வழி சொன்னார். பின்னால் லேமர் என்ற அமெரிக்கர் அதை இன்னும் எளிமையாக்கினார். நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

ஐந்து இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 31. இது பகா எண்தானா? 4ல் ஆரம்பியுங்கள். அதை அதாலேயே பெருக்கி 2ஐக் கழித்தால் 14. மறுபடி அதே போல் செய்தால் 194. 31ஆல் வகுத்து மீதி 8ஐ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு தடவை செய்தால் 62. 31ஆல் வகுத்தால் மீதி பூஜ்யம். முடிந்தது கதை, பகா எண்தான். ஐந்து இரண்டுகளுக்கு மூன்று தடவை; 127க்கு 125 தடவை. கடைசியில் பூஜ்யம் வராவிட்டால் பகா எண் இல்லை.

கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், கையாலேயே கணக்குப் போட்டு 127ல் மெர்சென் சொன்னது சரி என்று நிரூபித்தார் லூகாஸ். 67ல் பாதிரியார் காலை வாரிவிட்டார். அந்த எண் எதனால் வகுபடும்? அது லூகாஸுக்கே தெரியாது! 1903ல்தான் ஃப்ராங்க் நெல்சன் கோல் என்ற அமெரிக்கர் விடை சொன்னார்: 193707721 × 761838257287.

பி.காம். படித்தவனுக்கு இதில் ஆச்சரியமில்லை. டிரையல் பேலன்ஸ் இடித்தால் எங்கேயோ தப்பு இருக்கிறது. எந்தப் பக்கத்தில் என்பதை அது சொல்லாது. தேடினால் ராத்திரி முழுக்கத் தேட வேண்டும். ஆனால் தப்பு இருப்பது சத்தியம்.

1891ல் ஒரு விருந்தில் கை தவறி விழுந்த தட்டு உடைந்து, தெறித்த சில்லு லூகாஸின் கன்னத்தைக் கிழித்தது. புண் சீழ் வைத்து, சில நாட்களில் இறந்துபோனார். வயசு 49. அவர் நிரூபித்த எண்ணை மிஞ்ச இன்னொரு பகா எண் 1951ல்தான் வந்தது. 75 வருஷம்!

2024ல் 4,10,24,320 இலக்கங்கள் கொண்ட ஒரு பகா எண்ணைக் கண்டுபிடித்தார்கள். எத்தனையோ கம்ப்யூட்டர்கள் உழைத்த வேலை. அது பகா எண்தான் என்று உறுதி செய்ய அவர்கள் கடைசியில் போட்ட கணக்கு எது தெரியுமா? இப்போது நீங்கள் 31க்குப் போட்டீர்களே, அதேதான்.