நாகமரைக்கு அந்தப் பக்கம்

கிராம நிர்வாக அலுவலராக அ-பதிவேடும் புலப்படமுமாகக் காலம் தள்ளியவன் நான். ஏரியூர் வரலாற்றைக் கேட்டால் எனக்கு ராஜாக்கள் நினைவுக்கு வருவதில்லை, கணக்குதான் வரும். 1792இல் எங்கள் பகுதியும் அடங்கிய பாராமகால் திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினி கைக்குப் போனதும் அலெக்சாண்டர் ரீடு நிலங்களை அளக்க ஆரம்பித்தார். அவருக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோ தர்மபுரியில் இருந்துகொண்டு ரயத்து ரயத்தாகத் தீர்வை போட்டார். சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் ரயத்துவாரி பரவியது அதற்கப்புறம்தான். இதில் நம் சீமை முன்னோடி என்று பெருமை பேசுகிறவர்கள் உண்டு. தீர்வை கட்டினவனைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லியிருப்பான்.

சேலம் ஜில்லாவில் கிடந்த தர்மபுரி 1965 அக்டோபர் 2இல் தனி மாவட்டமானது. பென்னாகரம் ஒன்றியத்தைப் பிரித்து ஏரியூர் ஒன்றியம் வந்தது நேற்றைய கதை. அஜ்ஜனஹள்ளி, மஞ்சாரஹள்ளி, சுஞ்சல்நத்தம், நாகமரை எல்லாம் இதில் அடக்கம். 2022இல் தொல்லியல் துறை குழி வெட்டிய பெரும்பாலையும் இங்கேதான். தாலுகா மட்டும் இன்றும் பென்னாகரமே.

காகிதத்தில் எத்தனை கோடு போட்டாலும், எங்கள் எல்லையை நிஜமாக மாற்றி வரைந்தது மேட்டூர் அணைதான். 1925இல் தொடங்கிய வேலை. 1934 ஆகஸ்ட் 21இல் திறப்பு. நிரம்பினால் 120 அடி, 93.47 டி.எம்.சி. அதுவரை நாகமரைக்காரனுக்குக் காவிரி என்ற ஓர் ஆற்றைத் தாண்டினால் எதிர்க்கரை வந்துவிடும். அணை நிரம்பியதும் நடுவே ஓர் ஏரியே நின்றது. பல ஊர்கள் முழுகின. கோடையில் நீர் இறங்கினால் எதிரே பண்ணவாடியில் பழைய சிவன் கோயில் நந்தியும் மாதா கோயில் கோபுரமும் தலைகாட்டும்.

அப்போது வண்டல் வெடிப்பு விட்டுக் கிடக்கும். நீர் பின்வாங்கப் பின்வாங்க, ஈரம் காயும் முன்னே ஆட்கள் ஏரோடு இறங்குவார்கள்: சோளம், எள், கடலை. அணைக்கு எடுத்த நிலம், பட்டா கிடையாது. என் பதிவேட்டில் நீர்ப்பிடிப்பு என்று எழுதிய இடத்தில் இடுப்பளவு சோளம் நிற்கும்! சண்டை வந்தால் சமாதானம் பேச ஊர்ப் பெரியவர்தான், நான் போய் நின்று பயனில்லை. திடீரென்று கர்நாடகத்தில் மழை பெய்தால் கதிர் முற்றுமுன்னே தண்ணீர் ஏறிவிடும்.

பரிசல்துறையும் தண்ணீரோடு நகரும். பண்ணவாடியில் பெண் கொடுத்தவர்கள் பரிசலில்தான் சீர் கொண்டு போனார்கள்; ரோட்டில் போவதென்றால் மேட்டூர் சுற்றிவர வேண்டும். இந்தக் கரை ஒட்டனூருக்கும் எதிர்க்கரைக் கோட்டையூருக்கும் இடையே பாலம் கேட்டு எத்தனையோ தேர்தல் போய்விட்டது. ஒன்றிய அலுவலகம் பக்கத்தில் வந்தது நல்லதுதான், ஆனால் என்னைக் கேட்டிருந்தால் பாலத்தை முதலில் கட்டச் சொல்லியிருப்பேன்.