கொதிகலனும் வினைகலனும்: ஆலைக் காப்பு வரலாற்றில் ஒரு சொற்குழப்பம்

எந்திரம் என்னும் சொல் தமிழுக்குப் புதியதன்று. கரும்பு பிழியும் எந்திரத்தை ஐங்குறுநூறு அறியும். மதுரை மதிற்பொறிகளைச் சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதை நிரல்படக் கூறும். ஆயினும், பொறியை இயக்குவோன் உயிருக்குக் காப்பு வேண்டும் என்னும் கருத்து நம் நாட்டில் சட்டத்தின் வழியாகவே உருப்பெற்றது. அவ்வரலாற்றையும், அதனோடு உடன்வளராத நம் சொல்வழக்கையும் கடலூர்ச் சிப்காட் தொழிற்பேட்டையை முன்னிறுத்தி ஈண்டு ஆராய்வோம்.

சட்டம் முதலிற் கண்டது கொதிகலனையே. 1863இல் கல்கத்தாவில் கொதிகலன் ஒன்று வெடித்துப் பலர் மாண்டனர். மறு ஆண்டே வங்காளத்தில் கொதிகலன்களைச் சோதிக்கும் சட்டம் பிறந்தது. மாகாணந்தோறும் வேறுபட்டிருந்த விதிகள் 1923இல் ஒரே சட்டமாயின. சுழலும் சக்கரமும் ஓடும் வாரும் சட்டத்தின் கண்ணுக்குப் பிற்பாடே பட்டன. தீங்கு விளைக்கும் பொறிகளுக்கு வேலியிடுக என்றது 1881ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு அதனை விரித்தது. 22ஆம் பிரிவோ, ஓடும் பொறியருகே எண்ணெயிடச் செல்வோன் தனிப்பயிற்சி பெற்றவனாகவும், உடலோடு ஒட்டிய உடை உடுத்தவனாகவும் இருத்தல் வேண்டும் என்றது. வேட்டித் தலைப்பு வாரிற் சிக்கின் ஆளையே இழுத்துக்கொள்ளும் என்பதை ஆலையறிந்தார் அறிவர்.

இவையெல்லாம் கண்ணாற் காணும் இடர்கள். 1971இல் தோன்றிய சிப்காட் நிறுவனம் 1980களில் கடலூர்–சிதம்பரம் நெடுஞ்சாலையை அடுத்து, உப்பனாற்றங்கரையில் அமைத்த பேட்டையிலோ வேதிப்பொருள், மருந்து, பூச்சிக்கொல்லி ஆக்கும் ஆலைகளே மிகுதி. அங்குள்ள பேரிடர் மூடிய கலத்தினுள் உறைவது. வினைகலத்தில் பொருள்கள் கூடும்போது தாமே வெப்பத்தை உமிழ்கின்றன; புறச்சுவரைச் சூழ்ந்தோடும் குளிர்நீர் நின்றாலும், கலக்கி நின்றாலும் வெப்பம் தேங்கும்; வெப்பம் ஏற ஏற வினை மேலும் விரையும். கொதிகலனில் எரிபொருளை நிறுத்தலாம். வினைகலத்திலோ எரிபொருள் கலத்தினுள்ளேயே இருக்கின்றது. இதற்கு எவ்வேலியும் உதவாது.

1948ஆம் ஆண்டுச் சட்டம் அழுத்தக் கலங்களுக்குப் பொதுவிதி ஒன்றை வகுத்ததேயன்றி இவ்வேதி இடர்களைத் தனியே எண்ணவில்லை. 1984இல் போபாலில் நேர்ந்த பேரழிவிற்குப் பின்னரே, 1987ஆம் ஆண்டுத் திருத்தம் இக்குறையை நோக்கியது. இடர் யாது என்பதைத் தொழிலாளர்க்கும் சுற்றுவட்டத்து மக்கட்கும் முதலாளி வெளியிடல் வேண்டும் என்பதும், உயிருக்கு உடனடி இடர் உண்டெனின் தொழிலாளர் எச்சரிக்கும் உரிமை உடையர் என்பதும் அத்திருத்தத்தால் வந்தவை. தொழிலாளி வாய்திறந்து சொல்லுதற்குச் சட்டம் இடமளித்தது அப்போதுதான். மிகக் காலம் தாழ்ந்த இடமளிப்பே அது.

எச்சரிப்பதற்குச் சொல் வேண்டும். 2020 சூலை 1ஆம் நாள் நெய்வேலி அனல்மின் நிலையத்தில் வெடித்தது கொதிகலன். செய்தித்தாள்கள் அவ்வாறே எழுதின. 2021 மே 13ஆம் நாள் சிப்காட்டைச் சேர்ந்த குடிகாட்டுப் பூச்சிக்கொல்லி ஆலையில் நால்வர் மாண்டபோதும் முதற்செய்திகள் பல ‘பாய்லர் வெடிப்பு’ என்றே கூறின. வெடித்தது எக்கலம் என்று தெளியுமுன்பே பெயர் சூட்டப்பெற்றது. முதலிற் சட்டம் பெற்ற கலத்தின் பெயரே எல்லாக் கலங்களுக்கும் பொதுப்பெயராய்ப் படர்ந்தது போலும்! கொதிகலனைச் சோதிக்கும் அதிகாரி வேறு, வினைகலத்திற்குப் பொறுப்புடைய தொழிற்சாலை ஆய்வாளர் வேறு. பெயர் மாறின் மக்கள் எழுப்பும் வினா தவறான வாயிலைத் தட்டும்.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, ஆலை அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளர் அறிந்த மொழியிலும் இருத்தல் வேண்டும் என்றது. வடநாட்டிலிருந்து வந்த சிறுபான்மைத் தொழிலாளி தமிழ்ப்பலகையைப் படிப்பது எங்ஙனம் என்பதை அப்பிரிவு எண்ணவில்லை. 2025 நவம்பர் 21ஆம் நாள் நடைமுறைக்கு வந்த புதிய தொழிற்காப்புத் தொகுப்பு அச்சட்டத்தின் இடத்தைப் பெற்றுவிட்டது. இனி எழுதப்பெறும் தமிழறிவிப்புகளில் ‘வினைகலன்’ என்பதனோடு தொழிலாளர் வாயில் வழங்கும் ‘ரியாக்டர்’ என்பதனையும் சேர்த்தெழுதுவதே தக்கது என்பது நம் கருத்து. கலைச்சொல் தூய்மை பேணுவோர் இதனை ஒப்பார். ஆயினும் அபாய மணி அடிக்கும்போது வாயில் வருவது பழகிய சொல்லே.