கண்ணாடிச் சட்டைப்பை

வலக்கை கொடுப்பதை இடக்கை அறியலாகாது எனக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தனி ஒருவரின் கொடைக்கு அது அழகு. பலரது பணத்தைப் பகிர்ந்தளிக்கும் அமைப்புக்கு அது பொருந்துமா?

1952இல் ஐக்கிய அமெரிக்காவின் காங்கிரஸ், அந்நாட்டு அறக்கட்டளைகளின் செலவினங்களை விசாரித்தது. அவற்றுட் பெரும்பாலானவை அறிக்கை எதுவும் வெளியிட்டதில்லை. அறக்கட்டளைகளின் சட்டைப்பைகள் கண்ணாடியாலானவையாக இருத்தல் வேண்டும் என்றார், கார்னகி கோப்பரேசன் அறக்கட்டளையைச் சேர்ந்த ரசல் லெபிங்வெல். அவ்வறக்கட்டளையின் ஆதரவுடன் 1956இல் நியூயோர்க்கில் 'அறக்கட்டளை நூலக நிலையம்' உருவானது.

அந்நிலையம் எவருக்கும் நிதி வழங்கவில்லை. அறக்கட்டளைகளின் ஆண்டறிக்கைகளையும் வரிப் படிவங்களையும் திரட்டி, எவரும் வந்து பார்க்கத் திறந்து வைத்தது. 1960இல் 5,000க்கும் மேற்பட்ட அறக்கட்டளைகளின் விபரக்கொத்தும் வெளிவந்தது. செல்வரை அறிந்தோர் மட்டும் தட்டிய கதவுகளின் முகவரி, அறியாதோருக்கும் கிடைத்தது. கணக்கைக் காட்டியதால் நம்பிக்கை வளர்ந்தது. வழியைக் காட்டியதால் வாய்ப்பு பரவியது. 2019இல் கைட்ஸ்டாருடன் இணைந்த அந்நிலையம், இன்று கன்டிட் என்னும் பெயரில் இயங்குகிறது.

எமது சங்கத்தின் புலமைப்பரிசில் நிதிக்கும் இப்பாடம் பொருந்தும். கொடுத்தவர் பெயரை மறைப்பது பெருந்தன்மை. பெறுபவரின் பெயரைக் காப்பது கண்ணியம். ஆனால் தெரிவு செய்யும் முறையை மறைத்தால், கேட்கத் தெரியாத பிள்ளை கேளாமலே கல்லூரியை விட்டுப் போவாள். அவளுக்காக, விண்ணப்ப விதிகளையும் ஆண்டுக் கணக்கையும் கல்லூரி அறிவித்தற் பலகையில் இட்டு, இரண்டாம் நூற்றாண்டைத் தொடங்குவோமாக.