பட்டாவில் இல்லாத பெயர்

கனடாவின் மேற்குச் சமவெளியில், 1872ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி பத்து டாலர் கட்டினால் 160 ஏக்கர் கிடைத்தது. பட்டா கைக்கு வர, மூன்றாண்டு அங்கே குடியிருந்து, வீடு கட்டி, தரிசைத் திருத்திப் பயிர்வைத்துக் காட்ட வேண்டும். 1891 முதல் 1914 வரை, ஆஸ்திரியப் பேரரசின் கலீசியா, புக்கோவினா பகுதிகளிலிருந்து ஏறத்தாழ 1,70,000 உக்ரேனியர்கள் கனடா வந்தார்கள். பெரும்பாலோரை இழுத்து வந்தது இந்த நிலம்தான். அந்தக் குடியேற்றத்தை ஆண்களின் வீரகதையாகவே சொல்லிவந்திருக்கிறார்கள். ஆனால் சட்டம் கேட்ட நிபந்தனைகளில் பெரும்பங்கை நிறைவேற்றியவள் மனைவி. நிலம் கேட்கும் உரிமையை மட்டும் அதே சட்டம் அவளுக்குத் தரவில்லை.

கையில் காசில்லாமல் வந்தவன் மாடும் கலப்பையும் வாங்க ரயில்பாதைக்கோ சுரங்கத்துக்கோ மரம்வெட்டும் முகாமுக்கோ கூலிக்குப் போயாக வேண்டும். சட்டமும் ஆண்டுக்கு ஆறு மாதக் குடியிருப்பைத்தான் கேட்டது. அவன் இல்லாத மாதங்களில், தரையைத் தோண்டி மேலே புற்கட்டி வேய்ந்த 'புர்டெய்' குடிசையில் பிள்ளைகளோடு கிடந்தவள் அவள். களிமண்ணையும் வைக்கோலையும் சாணத்தையும் காலால் மிதித்துக் குழைத்துச் சுவர் பூசினாள், அடுப்புக் கட்டினாள், புதர் வெட்டி வேர் பறித்தாள். மானிடோபாவில் பெண்களும் பிள்ளைகளும் செனிகா என்ற மருந்து வேரைத் தோண்டி விற்றார்கள். பல வீடுகளில் கண்ணில் பட்ட ஒரே ரொக்கம் அதுதான். அரசுக்கு இது தெரியாததல்ல. குடியேற்றத்தை நடத்திய அமைச்சர் கிளிஃபர்ட் சிஃப்டன் 1922இல் எழுதிய கட்டுரையில், ஆட்டுத்தோல் கோட்டுப் போட்ட உழவனோடு அவனுடைய கட்டுமஸ்தான மனைவியையும் அரை டஜன் பிள்ளைகளையும் சேர்த்தே தரம் பார்த்தார். மாட்டுச் சந்தைப் பேச்சுதான், ஆனாலும் உண்மையை ஒப்புக்கொள்ளும் பேச்சு.

விதவைகளுக்கு நிலம் கொடுத்தார்களே என்று கேட்கலாம். கொடுத்தார்கள், 1876க்குப் பிறகு குடும்பத் தலைவியாக நின்ற பெண் மட்டும் விண்ணப்பிக்கலாம். அதே கைகளுக்குக் கணவன் செத்த மறுநாள் தகுதி வந்துவிடுகிறதென்றால், தடை அவள் திறமையைப் பற்றியதல்ல. குடும்பம் ஒன்றாக வாழும்போது பட்டா யார் பெயரில் இருந்தால் என்ன என்பது இதைவிட வலுவான கேள்வி. விற்கும் நாளில்தான் அதற்கு விடை தெரியும். கணவன் நிலத்தில் விதவைக்கு இருந்த பழைய ஆங்கிலச் சட்டப் பங்கை மேற்குப் பிரதேசங்களில் 1886இல் ஒழித்துவிட்டார்கள். அதன்பின் அவளைக் கேட்காமலே அவன் விற்கலாம், உயிலில் வேறொருவருக்கு எழுதலாம். குடியிருக்கும் வீட்டுநிலத்தை விற்க மனைவி சம்மதிக்க வேண்டும் என்ற சட்டம் ஆல்பர்ட்டாவில் 1917இல்தான் வந்தது. பெண்ணுக்கு நிலத்தை மறுப்பது உக்ரேனியர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த வழக்கமும் அல்ல: கலீசியாவில் மகளுக்கும் பிறந்த வீட்டு நிலத்தில் துண்டு கிடைப்பதுண்டு. கனடாவில் பெண்களுக்கு நிலம் கேட்டு 1910களில் எழுந்த இயக்கமும் இவளுக்காகப் பேசவில்லை. பிரிட்டிஷ் பிறப்புடைய பெண்களுக்கே அது நிலம் கேட்டது.

இந்தக் கணக்கு அந்தத் தலைமுறையோடு பழங்கதை ஆகிவிடவில்லை. கணவன் ஆண்டில் பல மாதம் வெளிவேலைக்குப் போக, வைக்கோல் அறுத்து, மாட்டுக்குச் சூடு வைத்து, டிராக்டர் ஓட்டிய ஆல்பர்ட்டாப் பெண் ஐரீன் மர்டாக், பிரிந்தபோது பண்ணையில் பங்கு கேட்டார். பண்ணைக்காரன் மனைவி எவளும் செய்வதைத்தானே செய்திருக்கிறார் என்று 1973இல் கனடா உச்ச நீதிமன்றம் மறுத்தது. நீதிபதி போரா லாஸ்கின் மட்டும் மாறுபட்டார். மனைவிக்கும் பங்குண்டு என்ற சொத்துச் சட்டத்தை ஆல்பர்ட்டா 1978இல் இயற்றியது.