கூரை அவசர விளக்கு: பொருத்தலும் சோதனையும்

கட்டடத்தில் கரண்ட் போன சில நொடிகளுக்குள் தன் மின்கலத்தைக் கொண்டு தானே எரிந்து, உள்ளே இருப்பவர்களுக்கு வெளியேறும் வழியைக் காட்டுவது கூரை அவசர விளக்கு. மின்தடைக்குப் பழகிய வீடுகளில் அலமாரிமேல் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் 'எமர்ஜென்சி'க்கு இது உறவு. ஆனால் வீட்டு எமர்ஜென்சி, கரண்ட் வரும்வரை உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்க உதவுகிறது. கூரையில் இருப்பது, எழுந்து நடந்து படியிறங்க உதவுகிறது. மருத்துவமனை, திரையரங்கு, கல்லூரி விடுதி, ஐ.டி. அலுவலகம் என்று கூட்டம் சேரும் கட்டடம் எதுவானாலும் இது இருந்தாக வேண்டும்.

திருவனந்தபுரத்தில் இந்த விளக்கைப் பற்றிப் பேசினால் 2024 செப்டம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை இரவு நினைவுக்கு வராமல் போகாது. சிறுவயதிலேயே இறந்துபோன திருவிதாங்கூர் இளவரசரின் பெயரைத் தாங்கிய ஸ்ரீ அவிட்டம் திருநாள் மருத்துவமனை, ஊர் வழக்கில் எஸ்.ஏ.டி., தாய்மாருக்கும் குழந்தைகளுக்குமான அரசு மருத்துவமனை. அங்கே அன்று மின்சாரம் நின்றது. மாற்றாக இருந்த ஜெனரேட்டரும் கைவிட்டது. ஏறக்குறைய மூன்று மணி நேரம் கைபேசி வெளிச்சத்திலும் டார்ச் வெளிச்சத்திலும் நோயாளிகளைப் பார்க்க வேண்டியிருந்தது. வெளியிலிருந்து ஒரு ஜெனரேட்டரைக் கொண்டுவந்த பிறகே விளக்கெரிந்தது. உறவினர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது.

மின்வாரியத்தின் கரண்டும் ஜெனரேட்டரும் ஒரே இரவில் சேர்ந்து போகலாம் என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் வேறு சான்று வேண்டாம். இரண்டும் போன பிறகு கட்டடத்தில் மிஞ்சுவது அந்தந்த விளக்குக்குள் அடைத்து வைத்திருக்கும் சிறிய மின்கலம் மட்டும்தான். டெல்லி உப்ஹார் திரையரங்கில் 1997 ஜூன் 13 அன்று தீவிபத்தின் புகையில் 59 பேர் மூச்சுத் திணறி இறந்தபோது, பால்கனியில் அவசர விளக்கும் வழிகாட்டும் விளக்கும் இல்லாமல் போனதை நீதிமன்றங்கள் குற்றமாகவே எடுத்துக்கொண்டன.

இந்தியாவில் இதற்கான அளவுகோல் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016. அதன் நான்காம் பகுதி தீப் பாதுகாப்பு பற்றியது. கரண்ட் போன 5 விநாடிக்குள் அவசர விளக்கு எரிய வேண்டும், குறைந்தது 90 நிமிடம் எரிந்துகொண்டிருக்க வேண்டும், வெளியேறும் பாதையின் நடுக்கோட்டில் தரைமட்டத்தில் 10 லக்ஸ் வெளிச்சம் விழ வேண்டும் என்று அது சொல்கிறது. ஐரோப்பியத் தரம் கேட்பது 1 லக்ஸ்தான். நம்முடையது பத்து மடங்கு. மின்கல விளக்கு இருக்கிறதே என்று ஜெனரேட்டர் வைக்காமல் விடக் கூடாது என்றும் அதே தொகுப்பு கூறுகிறது. அதன்படி ஜெனரேட்டரும் வேண்டும், மின்கலமும் வேண்டும்.

மருத்துவமனைக்கு 90 நிமிடம் போதாது. அந்தக் கணக்கு ஆட்களை வெளியே அனுப்புவதற்கானது. பிரசவ வலியில் இருப்பவரை வெளியே அனுப்ப முடியாது. அதனால்தான் அறுவை மேசையின் விளக்கு அரை விநாடிக்குள் மாற்று மின்சாரத்துக்கு மாறி, மூன்று மணி நேரம் தாங்க வேண்டும் என்று மருத்துவ இடங்களுக்கான சர்வதேச மின்தரம் தனியாக வகுத்திருக்கிறது.

எங்கெங்கே பொருத்துவது என்பதில் குழப்பமே இல்லை. வெளியேறும் கதவு, தாழ்வாரம் கூடுமிடம், திருப்பம், தரை உயரம் மாறுமிடம், தீ எச்சரிக்கைப் பொத்தான், தீயணைப்புக் கருவி ஆகியவற்றுக்கு அருகே விளக்கு இருக்க வேண்டும். 'அருகே' என்றால் கிடையாக 2 மீட்டருக்குள். படிக்கட்டின் ஒவ்வொரு அடுக்கிலும் நேரடி வெளிச்சம் விழ வேண்டும். கடைசிக் கதவுக்கு வெளியேயும் ஒன்று வேண்டும். கட்டடத்தைத் தாண்டி இருட்டில் காலை வைப்பவர் அங்கேதான் தடுக்கி விழுவார். பலர் மறப்பதும் இதைத்தான்.

ஒயரிங்கில்தான் பெரும்பாலான கோளாறு பிறக்கிறது. சாதாரண விளக்குக்கு ஸ்விட்ச் வழியாக ஒரு ஃபேஸ் போதும். அவசர விளக்குக்கு இன்னொரு ஃபேஸ் வேண்டும்: ஸ்விட்ச் போட்டாலும் அணைத்தாலும் போகாமல் இருக்கும் நிரந்தர ஃபேஸ். மின்கலம் சார்ஜ் ஆவது அதிலிருந்து. கரண்ட் போய்விட்டது என்று விளக்கு அறிவதும் அதை வைத்துத்தான். அவசரத்தில் ஒயர்மேன் இரண்டையும் ஸ்விட்சுக்குப் பின்னால் சேர்த்துக் கட்டிவிட்டால், மாலையில் அலுவலகம் பூட்டிப் போகிறவர் ஸ்விட்சை அணைத்ததும் விளக்கு அதை மின்தடை என்று எடுத்துக்கொள்ளும். ஆளில்லாத அறையில் எரிந்து தீர்ந்து, மறுநாள் அரைகுறையாகச் சார்ஜ் ஏறி, மாலையில் மறுபடி தீரும். சில மாதங்களில் மின்கலம் செத்துவிடும்.

நிரந்தர ஃபேஸ் எங்கிருந்து வர வேண்டும் என்பதும் முக்கியம். அந்த இடத்துச் சாதாரண விளக்குகளுக்குப் போகும் அதே எம்சிபியிலிருந்து (மின்னோட்டம் மிகுந்தால் தானே விழும் சுற்றுத் தடுப்பானிலிருந்து) எடுக்க வேண்டும். தனி எம்சிபியிலிருந்து எடுத்தால், தாழ்வாரத்தின் எம்சிபி மட்டும் விழுந்து அங்கே இருட்டானாலும் அவசர விளக்குக்குத் தன் கரண்ட் வந்துகொண்டே இருக்கும்; அது எரியாது.

ஃபால்ஸ் சீலிங்கில் இரண்டடிக்கு இரண்டடிப் பலகை ஒன்றைத் தூக்கிப் பார்த்தால் சங்கதி கண்ணுக்குத் தெரியும். வட்ட எல்இடி விளக்கின் பின்னால், அதற்கேற்ப மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர். பக்கத்தில் உள்ளங்கை நீளத்துக்கு அவசர மாட்யூல். அதிலிருந்து இரண்டு ஒயர் போய் மின்கலத்தில் சேரும் சிறு பிளாஸ்டிக் கனெக்டர். கிடங்கில் கிடக்கும்போது சார்ஜ் வடியாமல் இருக்க, இந்தக் கனெக்டரைக் கழற்றி வைத்தே பெட்டியில் அனுப்புவது வழக்கம். பொருத்துபவர் அதைச் செருக மறந்தால், கூரை மூடிய பிறகு யாருக்கும் தெரியாது. வெளியே எட்டிப் பார்க்கும் பச்சை இண்டிகேட்டர் எரிகிறதா என்று பார்த்துவிட்டு ஏணியிலிருந்து இறங்குவது நல்ல கைக்காரரின் பழக்கம்.

கரண்ட் இருக்கும்போது 15 வாட்டில் எரியும் விளக்கு, மின்கலத்தில் 3 வாட்டில்தான் எரியும். மங்கலாக இருக்கிறதே என்று புகார் வரும், அது கோளாறில்லை. 3 வாட் 90 நிமிடம் எரிய 4.5 வாட்-மணி வேண்டும்; டிரைவரில் வீணாவதையும் மின்கலத்தின் மூப்பையும் சேர்த்து அதற்குமேல் கொள்ளளவு வைப்பார்கள். முன்பு நிக்கல்-காட்மியம் மின்கலங்களே அதிகம். இப்போது லித்தியம் இரும்பு பாஸ்பேட் அந்த இடத்தைப் பிடித்துவருகிறது. எதுவானாலும் வெப்பம்தான் எதிரி. மார்ச், ஏப்ரலில் திருவனந்தபுரத்துக் கான்கிரீட் தளத்துக்குக் கீழே, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே அடைபட்ட காற்று எப்படிக் கொதிக்கும் என்பது அதில் தலையை நுழைத்தவருக்குத் தெரியும். கடற்காற்றின் ஈரத்தில் கனெக்டர் முனைகள் பச்சை பூக்கின்றன. இடவப்பாதி, துலாவர்ஷம் என இரண்டு மழைக்காலம் உள்ள ஊர் இது. துலாமாத மாலை இடிமின்னலில் டிரைவர்கள் பொசுங்குவதும் உண்டு. மின்பகிர்வுப் பெட்டியில் (டிபி) மின்னெழுச்சித் தடுப்பான் வைப்பது இங்கே வீண்செலவில்லை.

சோதனை இரண்டு வகை. மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அழுத்தி, எரிகிறதா என்று பார்ப்பது முதலாவது. ஆண்டுக்கு ஒருமுறை முழு நேரமும் எரியவிட்டுப் பார்ப்பது இரண்டாவது. முதலாவதை மட்டும் செய்துவிட்டுத் திருப்தியடைவதுதான் இந்தத் துறையின் பெரிய பிழை, அதற்குத் துணைபோவது ஜெனரேட்டர். கரண்ட் போன பத்துப் பதினைந்து விநாடியில் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கிவிடும். அதுவரை அவசர விளக்கு எரிந்து அணையும். பார்த்தவர் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். சாகக் கிடக்கும் மின்கலமும் பத்து விநாடி எரியும். இப்படியே நான்கைந்து ஆண்டு ஓடிவிடும். ஜெனரேட்டர் ஓடாத இரவில்தான் உண்மை வெளிவரும்.

ஆகவே முழுச் சோதனையின்போது மெயினை இறக்கிப் பயனில்லை, ஜெனரேட்டர் வந்துவிடும். அந்தத் தளத்து விளக்குகளின் எம்சிபியை இறக்க வேண்டும். இறக்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு ஒரு சுற்று. அரை மணிக்கு ஒரு சுற்று. 90 நிமிடம் முடிந்து எம்சிபியை ஏற்றுவதற்கு முன் கடைசிச் சுற்று. எந்த விளக்கு எத்தனையாவது நிமிடத்தில் அணைந்தது என்று எண் போட்டுப் பதிவேட்டில் எழுத வேண்டும். லக்ஸ் மீட்டரைத் தரையில் வைத்து அளப்பதும் அப்போதே. புதிதாகப் பொருத்தியதை 24 மணி நேரம் சார்ஜ் ஏறவிட்ட பிறகே சோதிக்கலாம். மாற்றிய மின்கலத்தின்மேல் மார்க்கர் பேனாவால் தேதி எழுதி வைத்தால் அடுத்து ஏணி ஏறுபவர் வாழ்த்துவார். கழற்றிய பழையது குப்பைக்குப் போகக் கூடாது. 2022இல் வந்த மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அது மறுசுழற்சிக்குச் செல்ல வேண்டும்.

முழுச் சோதனை முடிந்த கையோடு எல்லா மின்கலமும் காலி. மறுபடி நிரம்ப 24 மணி நேரம் ஆகும். அதுவரை கட்டடம் காப்பில்லாமல் இருக்கும். அலுவலகமானால் சனிக்கிழமை மாலை, ஓண விடுமுறை என்று ஆளில்லாத நாளைப் பிடிக்கலாம். மருத்துவமனைக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. அங்கே ஒன்றுவிட்டு ஒன்றாக விளக்குகளை இரண்டு தொகுதியாகப் பிரித்து, பகல் வெளிச்சம் உள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் தொகுதி, அடுத்த ஞாயிறு மற்றது என்று செய்கிறார்கள். வார்டு சிஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லி, எந்தத் தாழ்வாரம், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் எம்சிபியில் கை வைப்பார்கள்.